தலையில் அடிபட்ட பிள்ளை: மைதானத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் தொடங்கிவிட்டால் டர்பனின் சனிக்கிழமைகளைப் பள்ளிக்கூட மைதானங்கள் எடுத்துக்கொண்டுவிடும். ரக்பி, ஹாக்கி, கால்பந்து, நெட்பால் என்று குளிர்காலம் முழுவதும் ஓய்வில்லை. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தலைமுறைகளாக இருக்கும் நம் குடும்பங்களுக்கு இது பழகிய விஷயம். சாட்ஸ்வொர்த்தின் மானிங் ரேஞ்சர்ஸ் 1996-97இல் தென்னாப்பிரிக்காவின் முதல் பிரீமியர் லீக் கால்பந்துப் பட்டத்தைத் தட்டி வந்த கதையை இன்றும் சலிக்காமல் சொல்லும் தாத்தாமார் இருக்கிறார்கள். வேலை மாற்றலில் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டுக்கு வந்திறங்கிய குடும்பங்களின் நிலை வேறு. நேற்றுவரை தெருவில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடிய பையன் திடீரென்று பள்ளி ரக்பி அணியில் இடம் பிடித்துவிட்டால், பெருமைப்படுவதா பயப்படுவதா என்று அம்மாவுக்குத் தெரிவதில்லை.

பள்ளி ஆட்டங்களில் கோட்டுக்கு வெளியே முதலுதவிப் பெட்டியோடு நிற்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன், மருத்துவன் அல்ல. மருத்துவரைப் பார்க்கும்வரை என்ன செய்வது, பார்த்து வந்தபின் வீட்டிலும் பள்ளியிலும் என்ன செய்வது என்பதைக் கால வரிசையில் சொல்கிறேன். எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விதிதான்: ஆட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவு அடிபட்ட பிள்ளையின் கையில் இருக்கக் கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது

மூளையதிர்ச்சி, அதாவது கன்கஷன், மண்டையில் விழும் அடியால் மட்டும் வருவதில்லை. நெஞ்சில் வாங்கிய ஒரு டேக்கிளில் (எதிராளி பாய்ந்து பிடித்து வீழ்த்துவதில்) தலை வெடுக்கென்று பின்னால் சொடுக்கினாலும் போதும். தலை சட்டென்று சுழலும்போது மூளையின் நரம்பிழைகள் இழுபடுகின்றன. இழுபட்ட செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இந்தக் குழப்பத்தைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிகச் சக்தி வேண்டும். ஆனால் அதே நேரத்தில்தான் அங்கே இரத்த ஓட்டம் குறைகிறது. வரவு சுருங்கிச் செலவு ஏறிய மாதம் மாதிரி. அந்த மாதத்தில் இன்னொரு பெரிய செலவு வந்து விழுந்தால் குடும்பம் என்ன ஆகும்?

ஆழமாக வேரூன்றிய இரண்டு நம்பிக்கைகளை முதலில் பிடுங்கிவிட வேண்டும். மயங்கி விழுந்தால்தான் மூளையதிர்ச்சி என்பது ஒன்று. விளையாட்டில் மூளையதிர்ச்சி அடைகிறவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நினைவு தப்புகிறது. 'ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள்' என்பது மற்றொன்று. சிடி ஸ்கேன் எடுப்பது இரத்தக்கசிவும் எலும்பு முறிவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள. மூளையதிர்ச்சி அதில் தெரியாது. ஸ்கேன் சுத்தமாக வந்தால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்று நிம்மதியடையலாம்; அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

முடிவைப் பிள்ளையிடம் விடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பதின்வயது வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தது. அடிபட்டவுடன் வெளியே வந்தவர்கள் குணமடைய சராசரியாக 22 நாள் ஆயிற்று. சமாளித்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தவர்களுக்கு 44 நாள். 'இன்னும் பத்து நிமிடம்தானே' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியதற்குக் கொடுத்த விலை மூன்று வாரம்.

அரிதாக அதைவிடப் பெரிய விலையும் உண்டு. முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், இளம் மூளை கட்டுக்கடங்காமல் வீங்கிவிடலாம். சில நிமிடங்களில் உயிர் போகலாம். 2011இல் வட அயர்லாந்தில் பள்ளி ரக்பி ஆடிய 14 வயது மாணவன் அப்படித்தான் இறந்தான். அன்றைய ஆட்டத்தில் அடிபட்டும் அவன் களத்திலேயே இருந்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் 13 வயதுப் பையன் ஒருவன் அமெரிக்கக் கால்பந்தில் அடிபட்டு, அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கினான். உயிர் பிழைத்தான், ஆனால் கடும் ஊனத்தோடு. அவன் பெயரால் 2009இல் வந்த லிஸ்டெட் சட்டத்தைப் போன்ற சட்டங்கள் இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றன.

முதல் படி: பருவம் தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள்

ஆட்டம் சூடாக இருக்கும்போது எவரும் நிதானமாக முடிவெடுப்பதில்லை. ஸ்கோர் 14-14, கடைசி ஐந்து நிமிடம், ஆட்டத்தை வழிநடத்தும் சிறந்த ஃப்ளைஹாஃப் தரையில் கிடக்கிறான் என்றால் பயிற்சியாளரின் மனமும் அப்பாவின் மனமும் ஒரே பக்கம்தான் சாயும். அதனால் மார்ச் மாதத்திலேயே, எதிலும் அவசரம் இல்லாத நாளில், பள்ளியிடம் கேளுங்கள். ஆட்டத்தின்போது முதலுதவிக்குப் பொறுப்பு யார்? பையனை வெளியே அழைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டா, பயிற்சியாளர் அதை மறுக்க முடியுமா? வெளியூர் ஆட்டங்களில் யார் வருவார்கள்? ரக்பி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: பயிற்சியாளரின் பாக்ஸ்மார்ட் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கிறதா? தென்னாப்பிரிக்க ரக்பி அமைப்பு 2009இல் தொடங்கிய இந்தப் பாதுகாப்புப் பயிற்சியைப் பயிற்சியாளர்களும் நடுவர்களும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முடித்தாக வேண்டும். இப்படிக் கேட்பதற்குச் சங்கடப்படாதீர்கள். நல்ல பள்ளி இதை வரவேற்கும். முகம் சுளிக்கும் பள்ளி என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பிறகு பிள்ளையோடு பேச வேண்டும். இதுதான் கடினம். ஜூலையில் நடக்கும் கிரேவன் வாரப் போட்டிக்கு மாகாண அணியில் இடம் கிடைக்குமா என்று காத்திருக்கும் பதினேழு வயதுப் பையன் தலைவலியைச் சொல்ல மாட்டான். ரக்பி உதவித்தொகையில் பெரிய பள்ளியில் படிக்கிறவன் இன்னும் சொல்ல மாட்டான். ஆடாவிட்டால் கட்டணச் சலுகை போய்விடும் என்ற கணக்கு அவனுக்கு நன்றாகத் தெரியும். 'மறைக்காதே' என்று அதட்டிப் பயனில்லை. 'உன் பக்கத்தில் ஆடுகிறவன் தள்ளாடினால் நீ கையைத் தூக்கு, நீ தள்ளாடினால் அவன் தூக்குவான்' என்று சொல்லிப் பாருங்கள். தன்னைக் காட்டிக்கொடுக்கத் தயங்குகிறவர்கள் நண்பனைக் காப்பாற்றத் தயங்குவதில்லை.

ஒரு தாளில் பிள்ளையின் விவரங்களை எழுதி வையுங்கள்: முன்பு எப்போதாவது மூளையதிர்ச்சி ஏற்பட்டதா, எத்தனை நாளில் சரியானது, ஒற்றைத் தலைவலி உண்டா, தூக்கம் எப்படி, மனச்சோர்வோ கவனக்குறைவுச் சிக்கலோ உண்டா. பின்னால் மருத்துவர் கேட்கப்போவது இவற்றைத்தான்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரக்பியில் அணியும் மெத்தைத் தொப்பி காதையும் தோலையும் காக்கும். மூளையதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பி இன்னும் வேகமாக மோதினால் நஷ்டம்தான். பல்காப்பு கட்டாயம் வேண்டும். உண்மையான பாதுகாப்பு டேக்கிள் செய்யும் முறையில் இருக்கிறது: தலை எந்தப் பக்கம் போகிறது, முதுகு எப்படி வளைகிறது என்பதில். புதிதாக ரக்பிக்கு வருகிற பையனுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லித்தராமல் நேராக ஆட்டத்தில் இறக்குவது அநியாயம்.

இரண்டாம் படி: மைதானத்தில்

ஒருமுறை பதினைந்து வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஒரு பையன் மோதி விழுந்து, உடனே எழுந்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கைதட்டல். அதன்பின் குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தான். நாடா ஏற்கனவே இறுக்கமாகத்தான் கட்டியிருந்தது. அவிழ்த்தான், கட்டினான், மறுபடி அவிழ்த்தான். பந்து அவனைத் தாண்டிப் போனது, அவன் நிமிரவில்லை. பக்கத்தில் போய், "தம்பி, இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா?" என்றேன். "நாம்தான் ஜெயிக்கிறோம் அங்கிள்" என்று சிரித்தான். கேட்டது ஒன்று, சொன்னது வேறு. அத்துடன் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது.

நான் கேட்டது சும்மா வாய்க்கு வந்த கேள்வி அல்ல. மேடக்ஸ் என்ற ஆஸ்திரேலியரின் பெயரால் வழங்கும் ஐந்து கேள்விகளில் ஒன்று. இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? எந்தப் பாதி நடக்கிறது? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன வாரம் யாரோடு ஆடினீர்கள்? அதில் ஜெயித்தீர்களா? 'உன் பெயர் என்ன, இன்று என்ன கிழமை' என்பதைவிட இவை கூர்மையானவை. தன் பெயரை மறக்கும் அளவுக்குக் குழம்பியவர்கள் மிகச் சிலரே. ஒன்றில் தவறினாலும் பையன் வெளியே வர வேண்டும். ஐந்துக்கும் சரியாகச் சொல்லிவிட்டான் என்பதால் உள்ளே அனுப்பிவிடவும் கூடாது. வெறித்த பார்வை, தள்ளாட்டம், அடிபட்டதும் கை விறைத்து நீளுதல், எதிரணியின் வட்டத்தில் போய் நிற்பது, காரணமில்லாமல் அழுவது, தலையைப் பிடித்துக்கொள்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே போதும். சந்தேகம் வந்தால் வெளியே. அன்று மறுபடி இறங்கக் கூடாது.

இங்கே தொலைக்காட்சி ஒரு குழப்பம் செய்கிறது. நாட்டின் ரக்பி அணியான ஸ்பிரிங்பாக் வீரர் ஒருவர் வெளியே போகிறார், 12 நிமிடப் பரிசோதனைக்குப் பின் திரும்பி வருகிறார். 'அவரே வருகிறாரே' என்று பையன் கேட்பான். அந்த ஏற்பாடு தொழில்முறை ஆட்டத்துக்கு மட்டுமானது: பயிற்சி பெற்ற மருத்துவரும், மோதலைத் திரும்பத் திரும்பப் பார்க்க ஒளிப்பதிவும், பருவத் தொடக்கத்திலேயே எடுத்துவைத்த அளவுகளும் அங்கே உண்டு. பள்ளி ஆட்டத்தில் அப்படித் திரும்புவது என்ற பேச்சே கிடையாது. இந்த நாட்டு ரக்பியில் சந்தேகம் இருந்தால் நடுவர் நீல அட்டை காட்டலாம். காட்டிவிட்டால் பையன் வெளியேற வேண்டும். பயிற்சியாளர் கெஞ்சினாலும் நடக்காது. எனக்கு மிகவும் பிடித்த அட்டை அது. முடிவு வீட்டாரின் தலையிலும் விழாமல், பிள்ளையின் தலையிலும் விழாமல், நடுவரோடு நின்றுவிடுகிறது.

பையன் அசையாமல் கிடந்தாலோ கழுத்து வலி என்றாலோ தூக்கி நிறுத்தாதீர்கள். உருட்டாதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். தலையையும் கழுத்தையும் அப்படியே தாங்கிப் பிடித்துக்கொண்டு பயிற்சி பெற்றவர் வரும்வரை காத்திருங்கள். மூச்சுக்கு இடைஞ்சல் இருந்தால் மட்டும் அதை முதலில் கவனிக்க வேண்டும்.

கிரிக்கெட் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸில் ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. அவர் பரிசோதனையில் தேறி, திரும்ப வந்து பேட்டும் செய்தார். மறுநாள் காலை தலைவலியோடும் மந்தமாகவும் எழுந்தார். மூளையதிர்ச்சிக்கான மாற்று வீரர் விதி அந்த மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். அறிகுறி மறுநாள்கூட வரலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் படி: அன்று இரவு

முதல் சில மணி நேரம் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. பேருந்தில் அனுப்பக் கூடாது. பதினெட்டு வயதாகி உரிமம் வைத்திருந்தாலும் காரை ஓட்டவிடக் கூடாது. கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112.

- கழுத்து வலி, அல்லது கழுத்தைத் தொட்டால் வலி
- திரும்பத் திரும்ப வாந்தி
- ஏறிக்கொண்டே போகும் தலைவலி
- வலிப்பு, அல்லது நினைவு தப்புதல்
- இரட்டையாகத் தெரிதல், பார்வை மங்குதல்
- கை கால்களில் மரத்துப்போதல், பலவீனம்
- குழப்பம் அதிகமாதல், எழுப்பினால் சரியாக விழிக்காமை
- வழக்கத்துக்கு மாறான கோபம், அடங்காத பரபரப்பு
- மண்டையில் பள்ளம் அல்லது உருமாற்றம்

இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் பக்கத்து அரசு கிளினிக்கில் தொடங்கலாம்; தேவைப்பட்டால் அங்கிருந்து மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள்.

நம் வீடுகளின் மருந்துப் பெட்டியை இங்கே கவனிக்க வேண்டியிருக்கிறது. தலைவலி என்றதும் நீளும் கை நேராகப் போவது கிராண்ட்-பா பொடிக்கு, அல்லது டிஸ்பிரினுக்கு. இரண்டிலும் ஆஸ்பிரின் இருக்கிறது. உள்ளே கசிவு இருந்தால் ஆஸ்பிரின் அதை அதிகமாக்கும். அதோடு, சிறு வயதினருக்கு அது எப்போதுமே உகந்ததல்ல. இபுப்ரூஃபன் கலந்த மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். பானடோ போன்ற வெறும் பாராசிட்டமால், வயதுக்கேற்ற அளவில், போதும்.

'தூங்கவிடாதே' என்பது பழைய காலத்து அறிவுரை. ஆபத்து அறிகுறிகள் இல்லை, சில மணி நேரம் கண்காணித்தாயிற்று என்றால் தாராளமாகத் தூங்கலாம், தூக்கம்தான் மருந்து. இரவில் ஓரிரு முறை எட்டிப் பார்த்து மூச்சு சீராக இருக்கிறதா என்று கவனித்தால் போதும். மணிக்கொரு தரம் எழுப்ப வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் எழுப்புங்கள்.

ஆயா திருஷ்டி கழிக்காமல் விடமாட்டார். கழிக்கட்டும். மிளகாயும் உப்பும் தணலில் வெடிக்கும் நெடி மட்டும் பையனின் அறைக்கு வேண்டாம். அந்த நிலையில் புகையும் வாசமும் தலைவலியைக் கிளப்பும். ஆனால் ஆயாவின் இன்னொரு சொல்லைக் காது கொடுத்துக் கேளுங்கள். "பிள்ளை அவனாகவே இல்லை" என்று அவர் சொன்னால், அது எந்தப் பரிசோதனைத் தாளுக்கும் குறைந்ததல்ல. பிறந்ததிலிருந்து பார்த்துவரும் கண் அது. மருத்துவரிடம் போகும்போது அதையும் சொல்லுங்கள். முடிந்தால் ஆயாவையே அழைத்துப் போங்கள்.

நான்காம் படி: முதல் இரண்டு நாள்

ஒரு காலத்தில் இருட்டறையில் பல நாள் படுக்கவைப்பார்கள். இப்போது அது கைவிடப்பட்டது. 2015இல் வந்த ஆய்வில், ஐந்து நாள் முழு ஓய்வில் இருந்த இளையோர், ஓரிரு நாள் ஓய்வெடுத்தவர்களைவிட அதிக அறிகுறிகளையே சொன்னார்கள். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச வல்லுநர் மாநாடு, முதல் 24 முதல் 48 மணி நேரம் மிதமான ஓய்வு என்றது: வீட்டுக்குள் நடமாடலாம், சாப்பிடலாம், பேசலாம், மெல்ல நடக்கலாம். கைப்பேசியையும் விளையாட்டுக் கணினியையும் அந்த இரண்டு நாள் குறைத்துக்கொள்வது நல்லது. பையனுக்கு அதுதான் பெரிய தண்டனை; தலைவலியைவிட அதைப் பற்றித்தான் அதிகம் முறையிடுவான்.

விரத மாதத்தில் இப்படி நேர்ந்தால் பட்டினி மட்டும் வேண்டாம். புரட்டாசியில் மரக்கறி சாப்பிட்டால் குறையில்லை. ஆனால் வேளைக்குச் சாப்பாடும் தண்ணீரும் போக வேண்டும்.

ஐந்தாம் படி: முதலில் வகுப்பறை, பிறகுதான் மைதானம்

இந்த வரிசையைத்தான் பெரும்பாலான குடும்பங்கள் மாற்றிப் போட்டுவிடுகின்றன. எப்போது மறுபடி ஆடலாம் என்பதே எல்லோர் கேள்வியும். கணக்குப் பாடத்தில் அரைமணி நேரம் உட்கார முடிகிறதா என்று கேட்பார் இல்லை. முழுநாள் வகுப்பு தாங்காத தலை, முழு வேக மோதலைத் தாங்கப்போவதில்லை.

முதலில் வீட்டில் கால் மணி, அரை மணி வாசிப்பு. தலைவலி சற்றே கூடி ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தால் பாதகமில்லை. அதற்கு மேல் போனால் குறைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து அரைநாள் பள்ளி, பிறகு முழுநாள். இடைவேளையின் கூச்சல், மண்டபத்தின் எதிரொலி, திரையில் ஓடும் பாடம் ஆகியவைதான் முதலில் தொந்தரவு தரும். வகுப்பாசிரியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: தேர்வு தள்ளிவைக்க முடியுமா, வீட்டுப்பாடம் குறையுமா, நடுவில் எழுந்துபோய் அமைதியான அறையில் உட்காரலாமா. பள்ளியின் கடைசி ஆண்டான மெட்ரிக் என்றால் கூடுதல் நேரச் சலுகை பற்றிப் பள்ளியிடம் தாமதிக்காமல் பேசுங்கள். வெளிக்காயம் இல்லாததால் ஆசிரியர்கள் 'நடிக்கிறான்' என்று நினைத்துவிடுவது நடக்கிற காரியம். மருத்துவரின் கடிதம் அந்த வாயை அடைக்கும்.

ஆறாம் படி: மைதானத்துக்குத் திரும்பும் ஏணி

ஏணியில் ஆறு கட்டம். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு முழு நாள் நிற்க வேண்டும். முதல் கட்டம் அன்றாட நடமாட்டம். இரண்டாவது சைக்கிள் அல்லது வேக நடை: இதயத் துடிப்பை முதலில் உச்ச அளவின் 55 விழுக்காடு வரை, பிறகு 70 வரை ஏற்றலாம். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச அளவு தோராயமாகக் கிடைக்கும். 15 வயதுப் பையனுக்கு 205. ஆக, முதலில் 113 வரை, பிறகு 144 வரை. மூன்றாவது தனியாக ஓட்டமும் திருப்பமும். இந்த மூன்றையும் லேசான அறிகுறி மிச்சமிருக்கும்போதே தொடங்கலாம், தொடங்குவது நல்லதும்கூட. 2019இல் வெளியான ஆய்வில், அடிபட்ட சில நாளிலேயே அளவோடு சைக்கிள் மிதித்த பதின்வயதினர் 13 நாளில் தேறினார்கள். வெறும் நீட்டுப் பயிற்சி செய்தவர்களுக்கு 17 நாள் ஆயிற்று.

நான்காவது கட்டத்தில் வாசல் குறுகுகிறது. மோதல் இல்லாத அணிப் பயிற்சி, ஐந்தாவதில் மோதலுடன் பயிற்சி, ஆறாவதில் ஆட்டம். இவற்றுக்கு முன் எல்லா அறிகுறிகளும் மறைந்திருக்க வேண்டும், வகுப்பு வழக்கம்போல் நடக்க வேண்டும், மருத்துவர் ஒப்புதல் தர வேண்டும். அறிகுறி திரும்பினால் ஒரு கட்டம் கீழே இறங்க வேண்டும். எல்லாம் சரியாகப் போனாலும், பள்ளி, கிளப் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது என்பது உலக ரக்பி அமைப்பின் அறிவுரை. பிள்ளைகளுக்கு நான்கு வாரம்கூட ஆகலாம். அது தாமதம் அல்ல, இயல்பு.

இந்த மூன்று வாரத் தடையில் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுப் புல்வெளியில் நடக்கும் ஆட்டமும் அடங்கும். பயிற்சியாளருக்குத் தெரிவித்துவிட்டு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகளுக்குச் சொல்ல மறந்துவிடுகிறோம். இறைச்சி சுடப் பிராய் அடுப்பு மூட்டிவிட்டுப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் நடக்கும் மோதலுக்கு நடுவரும் கிடையாது, நீல அட்டையும் கிடையாது.

ஏழாம் படி: நான்கு வாரம் தாண்டியும் தீராவிட்டால்

கனடாவில் அவசரப் பிரிவுக்கு வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த 2016 ஆய்வில், ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்கு 28 நாளுக்குப் பிறகும் அறிகுறிகள் இருந்தன. பெண்பிள்ளைகள், 13 வயதைக் கடந்தவர்கள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், முந்தைய மூளையதிர்ச்சி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். ஹாக்கியிலும் நெட்பாலிலும் ஆடும் மகளை 'ரக்பி இல்லையே' என்று விட்டுவிடாதீர்கள்.

நீடிக்கும் தொல்லைக்கு ஒரே ஒரு காரணம் இருப்பது அபூர்வம். கழுத்துத் தசை காயப்பட்டு அங்கிருந்து ஏறும் தலைவலி ஒன்று. காதின் சமநிலை உறுப்பு குழம்பி வரும் தலைசுற்றல் இன்னொன்று. இரு கண்ணும் ஒரு புள்ளியில் சேராமல் எழுத்து மிதப்பது மற்றொன்று. தூக்கம் கெடுவது, அதனால் மனம் கெடுவது என்று சங்கிலி நீளும். 'காலம் சரிசெய்யும்' என்று உட்கார்ந்திருந்தால் இவை தீரா; ஒவ்வொன்றுக்கும் தனிச் சிகிச்சை உண்டு. கழுத்துக்கும் சமநிலைக்கும் பிசியோதெரபிஸ்ட், படிப்படியான உடற்பயிற்சிக்குப் பயோகினடிசிஸ்ட், கண்ணுக்கு அதற்குரிய நிபுணர், நினைவும் கவனமும் தடுமாறினால் நரம்பு உளவியலாளர். செலவு கூடும் என்பதால் எல்லோரிடமும் ஒரே நேரத்தில் ஓட வேண்டாம். எந்தத் தொல்லை பிள்ளையின் நாளை அதிகம் கெடுக்கிறதோ அதிலிருந்து தொடங்கச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள்.

மனநிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அணியிலிருந்து விலகிய பையன் நண்பர்களையும் இழக்கிறான், சனிக்கிழமையையும் இழக்கிறான். எரிந்து விழுவது, அறையை விட்டு வராமல் இருப்பது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்பது ஆகியவற்றைப் பருவக்கோளாறு என்று ஒதுக்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி ஒரு சொல் வந்தாலும் அன்றே மருத்துவ உதவி தேடுங்கள். அணியோடு மைதானத்தில் உட்காரவைப்பது, ஸ்கோர் எழுதச் சொல்வது போன்ற சிறிய காரியங்கள் இந்த நாள்களில் பெரிதும் உதவும்.

எட்டாம் படி: பல ஆண்டு கழித்து என்ன ஆகும்

இந்தக் கேள்வி எல்லாப் பெற்றோரின் மனத்திலும் இருக்கிறது. குத்துச்சண்டை வீரர்களின் மூளை பல ஆண்டு அடியால் சிதைவதை 1928இலேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, 2002இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் அதே வகைச் சிதைவைக் கண்டார். சிடிஇ என்று சுருக்கமாக வழங்கும் இந்த நோயை இறந்தபின் மூளையை ஆராய்ந்தே உறுதி செய்ய முடியும். ரக்பியில் 2003 உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்ஸன், நாற்பதைச் சற்றே கடந்த வயதில் மறதி நோயோடு, அந்த இறுதி ஆட்டமே தனக்கு நினைவில் இல்லை என்றார்.

2023இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட எண்ணைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள்: முப்பது வயதுக்குள் இறந்த 152 விளையாட்டு வீரர்களின் மூளைகளில் 63இல் சிடிஇ இருந்தது. படித்ததும் வயிறு கலங்கும். ஆனால் அவை குடும்பத்தார் ஏதோ கோளாறு இருக்கிறது என்று சந்தேகித்துத் தானமாகத் தந்த மூளைகள். ஆடுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே விகிதம் என்று கொள்ள முடியாது. ஒருமுறை மூளையதிர்ச்சி ஏற்பட்டு, முறையாகக் கவனிக்கப்பட்டு, நிதானமாகத் திரும்பிய பிள்ளைகளில் பெரும்பாலோர் முழுமையாகத் தேறுகிறார்கள். ஆபத்தைக் கூட்டுவது ஆண்டுக்கணக்கில் சேரும் அடிகளின் தொகை. அறிகுறியே காட்டாத சின்ன அடிகளும் அதில் அடக்கம். ஆகவே மூளையதிர்ச்சிகளை எண்ணுவதோடு நிற்காமல் வாரத்தில் எத்தனை நாள் மோதல் பயிற்சி நடக்கிறது என்றும் கேளுங்கள். அமெரிக்காவின் சாக்கர் (காலால் ஆடும் கால்பந்து) சம்மேளனம் 2015இல் பத்து வயது வரையிலான பிள்ளைகள் பந்தைத் தலையால் அடிப்பதையே நிறுத்தியது. நம் வட்டாரக் கால்பந்துக் குழுக்கள் சிறுவர் பயிற்சியில் அதைப் பின்பற்றுவதற்குச் சல்லிக்காசு செலவில்லை.

ஒன்பதாம் படி: எப்போது ஆட்டத்தை விடுவது

மூன்று முறை அடிபட்டால் நிறுத்த வேண்டும் என்று ஒரு கணக்கு ஊரில் உலவுகிறது. அப்படியொரு மாய எண் கிடையாது. மருத்துவர்கள் பார்ப்பது போக்கை: ஒவ்வொரு முறையும் முன்பைவிட லேசான மோதலிலேயே அறிகுறி வருகிறதா, தேறுவதற்கு முன்பைவிட அதிக நாள் ஆகிறதா, இடைவெளி குறைகிறதா, படிப்பிலும் குணத்திலும் மிச்சம் ஏதாவது தங்கிவிட்டதா. இரண்டாவது முறையிலேயே விடச் சொல்ல நேரலாம்.

டர்பனில் பிறந்த பாட் லம்பியை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஷார்க்ஸ் ரக்பி அணியின் ஃப்ளைஹாஃப், ஸ்பிரிங்பாக். 2016 ஜூனில் கேப் டவுனில் அயர்லாந்துக்கு எதிரான டெஸ்டில் பலத்த மோதலில் நினைவிழந்தார். அதன்பின்னும் மூளையதிர்ச்சிகள் விடவில்லை. 2019 ஜனவரியில், 28ஆம் வயதில், மருத்துவர்களின் அறிவுரைப்படி ஓய்வு பெற்றார். ஆட்டமே தொழிலாக இருந்தவர், சிறந்த மருத்துவர்கள் சூழ இருந்தவர், அப்படி முடிவெடுக்க முடிந்தது என்றால், பள்ளி இரண்டாம் அணியில் ஆடும் நம் பிள்ளைக்கு அது அவமானம் ஆகாது. இதைப் பையனிடம் சொல்லும்போது அப்பா, மாமா, பயிற்சியாளர் மூவரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். ஒருவர் 'இன்னும் ஒரு சீசன் பார்க்கலாமே' என்று முணுமுணுத்தால் மற்ற இருவர் சொன்னதும் வீண்.

விட்டபிறகு நீச்சல், ஓட்டம், டென்னிஸ், பேட்மின்டன் எல்லாம் திறந்தே இருக்கின்றன. ஆட்டத்தின் மேல் உயிராக இருக்கிறவன் என்றால் நடுவர் பயிற்சிக்கு அனுப்பலாம். பள்ளி மாறினாலும், பல்கலைக்கழகம் போனாலும், முதல் படியில் எழுதிவைத்த அந்தத் தாள் கூடவே போகட்டும். ஒவ்வொரு அடியின் தேதியும், குணமான நாளும், மருத்துவர் எழுதியதும் அதில் சேர்ந்திருக்கட்டும். புதிய பயிற்சியாளர் கேட்கும்வரை காத்திருக்காமல், சேர்க்கைப் படிவத்தோடு ஒரு நகலை இணைத்துக் கொடுத்துவிடுங்கள்.